இங்கிலாந்து ப்ராக் ராக்: எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பிங்க் ஃப்ளாய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' கேட்டுப் பிடித்துப்போய், இதே மாதிரி ப்ராக் ராக், அதாவது நீண்ட பாட்டும் சிக்கலான தாளமும் கொண்ட 'ப்ரோக்ரஸிவ்' ராக், இன்னும் வேண்டும் என்று தேடினால் யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் என்று ஆளுக்குப் பதினைந்து இருபது ஆல்பம் வந்து நிற்கிறது; எந்த பேண்டில் தொடங்குவது, வெளியான வரிசையிலேயே கேட்க வேண்டுமா?

வரிசையில் கேட்க வேண்டாம். அப்படித் தொடங்கிய பலர் இரண்டாவது ஆல்பத்தோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஜெனசிஸின் முதல் ஆல்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 'ஃப்ரம் ஜெனசிஸ் டு ரெவலேஷன்', 1969. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்த பையன்கள் போட்ட மெல்லிசான பாப் அது. உறையில் கறுப்புப் பின்னணியில் பெயர் மட்டும்தான் இருந்தது என்பதால் சில கடைகளில் அதைத் தேவாலயப் பாடல்களோடு சேர்த்து அடுக்கிவிட்டார்கள். யெஸ்ஸின் முதல் இரண்டும் அப்படித்தான், மோசமில்லை, ஆனால் அவை யெஸ் ஆவதற்கு முந்தைய யெஸ்.

பேண்டின் பெயரையும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில் ஐந்து வருட இடைவெளியில் வந்த இரண்டு தட்டுகளில் பொதுவாக ஒரே ஒரு ஆள்தான் இருப்பார். கிங் கிரிம்சன் என்ற பெயரில் வந்த எல்லா ஸ்டூடியோ ஆல்பத்திலும் இருப்பவர் கிட்டாரிஸ்ட் ராபர்ட் ஃப்ரிப் மட்டுமே. அதனால் ஆல்பத்தைத் திருப்பிப் பின்னட்டையில் யார் யார் வாசித்தார்கள் என்று பாருங்கள். நான் இந்த இசைக்குள் போனது ஒரு டிரம்ஸ்காரரைப் பிடித்துக்கொண்டுதான். அவர் பெயர் பில் புரூஃபோர்ட். அவர் போன வழியில் போனாலே பாதி வரலாறு வந்துவிடும், அதனால் அந்த வழியிலேயே சொல்கிறேன், நடுவில் கிளைச்சாலைகளுக்கும் போய்வரலாம்.

முதலில் அவர் இல்லாத ஓர் ஆல்பம், ஏனென்றால் அதைத் தாண்டிப் போக முடியாது. 1969 அக்டோபரில் வந்த 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்'. பேண்ட் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த ஜூலையில்தான் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய பெரிய இலவசக் கச்சேரியில் அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் பேண்டுகளில் ஒன்றாக மேடையேறியிருந்தார்கள். முதல் பாட்டில் பாடகர் கிரெக் லேக்கின் குரலை வேண்டுமென்றே நசுக்கிக் கரகரவென்று ஆக்கியிருப்பார்கள், அது முடிந்ததும் புல்லாங்குழலோடு ஒரு தாலாட்டு மாதிரி அடுத்த பாட்டு. அந்த எதிர்பாராத திருப்பம்தான் இந்த இசையின் பிறப்பிடம் என்று நான் சொல்வேன். 1967-லேயே மூடி ப்ளூஸ் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' போட்டுவிட்டார்களே, அதுதானே முதல் என்று கேட்பவர்கள் உண்டு. சரி, வாதத்துக்கு ஒப்புக்கொள்ளலாம், ஆனால் அதில் ஆர்க்கெஸ்ட்ராவும் பாட்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கின்றன, ஒரே வீட்டுக்குள் வரவில்லை.

கிரிம்சன் ஆல்பத்திலும், ஆர்க்கெஸ்ட்ராவை விட்டுவிட்டு மூடி ப்ளூஸின் பாட்டுகளுக்குள்ளும் கேட்கும் அந்தப் பனிமூட்டம் மாதிரியான வயலின் கூட்டம் உண்மையான வயலின்கள் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால் சுவை கூடும். மெல்லோட்ரான் என்று ஒரு பெட்டி, பர்மிங்ஹாமில் செய்தது. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு, அதில் அந்த ஸ்வரத்தை வயலினோ புல்லாங்குழலோ கோரஸோ வாசித்துப் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் எட்டு நொடியில் தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால்தான் அதை வாசிப்பவர்கள் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க முடியாமல் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். மேடையில் அடிக்கடி சுருதி இறங்கிவிடும். மூடி ப்ளூஸின் மைக் பிண்டர் இசைக்கு வருமுன் அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்பதால் அவருக்கு மட்டும் அதன் மர்மம் புரிந்திருந்தது.

ஆல்பம் வந்த பிறகு அந்த முதல் கிரிம்சன் அதிக நாள் தாங்கவில்லை. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் முடிவில் இயன் மெக்டொனால்டும் மைக்கேல் ஜைல்ஸும் விலகினார்கள், அடுத்த வருடம் கிரெக் லேக் போய் கீத் எமர்சன், கார்ல் பாமரோடு சேர்ந்து எமர்சன், லேக் அண்ட் பாமர் ஆனார். அந்த 1969 ஆல்பத்தின் உறையில் அலறும் முகத்தை வரைந்த பாரி காட்பர் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமர். ஆல்பம் வந்து சில மாதங்களில், 24 வயதில், மாரடைப்பில் இறந்துபோனார்.

இப்போது புரூஃபோர்டிடம் வருவோம். அவர் இருந்தது யெஸ்ஸில். அங்கே நீங்கள் 1971-ல் நுழைந்தால் போதும். அந்த வருடம் 'த யெஸ் ஆல்பம்', ஸ்டீவ் ஹௌ கிட்டாரில் புதிதாக வந்திருக்கிறார்; வருடக் கடைசியில் 'ஃப்ரஜைல்', கீபோர்டில் டோனி கே போய் ரிக் வேக்மன் வந்துவிட்டார், உறை ரோஜர் டீன் வரைந்தது. அடுத்து 1972 செப்டம்பரில் 'க்ளோஸ் டு த எட்ஜ்'. தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 18 நிமிடத்துக்கு மேல், மறுபக்கம் இரண்டே பாட்டு. முதல் மூன்று நிமிடம் ஆளாளுக்கு ஒரு திசையில் ஓடுவது போல இருக்கும், நடுநடுவே எல்லோரும் சட்டென்று நின்று ஒரு குரல் மட்டும் எழும்பும். முதல் தடவை எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை, சண்டை நடக்கும் வீட்டைக் கடந்து போவது போலத்தான் இருந்தது. மூன்றாவது தடவையில் நடுவிலுள்ள அமைதியான பகுதிக்குப் பின் தேவாலய ஆர்கன் இறங்கும் இடத்தில் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு ஆல்பம் சொல் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்தால் இதைத்தான் சொல்வேன்.

அது முடிந்த கையோடு, பேண்ட் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், புரூஃபோர்ட் விலகினார். துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டி, ஒவ்வொரு வரிக்கும் விவாதித்து ஆல்பம் போடும் முறை அவருக்கு அலுத்துவிட்டது. போன இடம் கிங் கிரிம்சன், அதாவது காசும் புகழும் குறைவான இடம். அவருக்குப் பதிலாக யெஸ்ஸுக்கு வந்தவர் ஆலன் வைட், ஜான் லெனனின் 'இமாஜின்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர். பயணம் தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில் அந்தக் கோணல்மாணலான கணக்கையெல்லாம் கற்றுக்கொண்டு மேடையேறினார்.

கணக்கு என்று சொன்னேன் அல்லவா, கர்நாடகத் தாளம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இந்த இசை மற்றவர்களைவிட எளிதாகத் திறக்கும். ஃப்ளாய்டின் 'மனி' ஏழில் போகிறது, மிஸ்ரம் போட்டுப் பழகிய கை தானாகவே விழும். கிட்டார் தனி வரும்போது மட்டும் நாலுக்கு இறங்கிவிடுவார்கள், கவனித்துப் பாருங்கள். எமர்சன், லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்' ஐந்தில் தொடங்குகிறது. ஜெனசிஸின் 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒன்பதில் ஒரு பகுதி வருகிறது, டிரம்ஸும் பாஸும் அந்த ஒன்பதைப் பிடித்துக்கொண்டிருக்க, டோனி பேங்க்ஸின் ஆர்கன் அதைக் கண்டுகொள்ளாமல் மேலே தன் போக்கில் உலாவும். எங்கே வந்து சேரப்போகிறார் என்று காத்திருக்கும் சுகம், தனியாவர்த்தனத்தில் தீர்மானத்துக்குக் காத்திருப்பவர்களுக்குத் தெரிந்த சுகம்தான்.

புரூஃபோர்ட் போன பிறகு யெஸ்ஸில் நடந்தது தனிக்கதை, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1973 மார்ச்சில் புரூஃபோர்டின் திருமணம். அங்கே கிரிம்சனில் தாளக்கருவி வாசித்த ஜேமி முயிர், யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனிடம் பேசிக்கொண்டிருந்தபோது பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரித'த்தைப் படிக்கச் சொன்னார். ஆண்டர்சன் படித்தார். அதில் ஓர் அடிக்குறிப்பில் சாஸ்திரங்கள் நான்கு வகை, சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று இருந்தது. அவ்வளவுதான். நான்கு வகை, நான்கு பாட்டு, இரட்டைத் தட்டில் நான்கு பக்கம், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். அந்த வருட டிசம்பரில் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' வந்தது. இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். வேக்மனுக்கே பிடிக்கவில்லை, மான்செஸ்டர் கச்சேரியில், தான் வாசிக்க ஒன்றுமில்லாத நீண்ட இடத்தில், கீபோர்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கறி சாப்பிட்ட கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1974-ல் விலகியும் விட்டார். அவருடைய தனி ஆல்பம் 'ஜர்னி டு த சென்டர் ஆஃப் தி எர்த்' அதே வருடம் முதலிடம் பிடித்தது.

நான் இந்த ஆல்பத்தின் கட்சியும் இல்லை, எதிர்க்கட்சியும் இல்லை. முதல் பக்கமும் நான்காம் பக்கமும் நன்றாக இருக்கின்றன. நடுவிலுள்ள இரண்டையும் ஒன்றாகச் சுருக்கியிருந்தால் கச்சிதமான ஆல்பம் கிடைத்திருக்கும். நுழைவாயிலாக மட்டும் இதை வைத்துக்கொள்ள வேண்டாம். யெஸ்ஸில் மூன்று முடிந்தபின் நேராக 1974-ன் 'ரிலேயர்' போய், அப்புறம் 1977-ன் 'கோயிங் ஃபார் த ஒன்' கேளுங்கள், அதில் வேக்மன் திரும்பி வந்திருப்பார்.

புரூஃபோர்ட் போய்ச் சேர்ந்த கிரிம்சனுக்கு வருவோம். ஃப்ரிப், பாஸும் குரலும் ஜான் வெட்டன், வயலினில் டேவிட் கிராஸ், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் தட்டிய ஜேமி முயிர். 1973-ல் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்', 1974-ல் 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்', அதே வருடம் 'ரெட்'. இந்த மூன்றிலும் 1969-ன் சாயலே இல்லை, வேறு விலங்கு. 'ரெட்' வெளிவருமுன்பே ஃப்ரிப் பேண்டைக் கலைத்துவிட்டார். அதன் கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்' 12 நிமிடம்: முதலில் மெல்லோட்ரான் அழுகை, பிறகு கிட்டார் ஏறக்குறைய ஒற்றை ஸ்வரத்தையே தட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற, கீழே புரூஃபோர்ட் முதலில் சும்மா இருந்து, பிறகு ஒரு தட்டு, பிறகு ஒரு உருட்டு என்று சேர்த்துக்கொண்டே போவார், கடைசியில் முதலில் வந்த மெட்டு சாக்ஸபோனில் திரும்பி வரும்போது என்னால் வேறு வேலை எதுவும் செய்ய முடிந்ததில்லை. அந்தத் தட்டில் பழைய இயன் மெக்டொனால்டும் விருந்தாளியாக வந்து வாசித்திருக்கிறார்.

அப்புறம் புரூஃபோர்ட் எங்கே போனார்? 1976-ல் ஜெனசிஸ் மேடையில் டிரம்ஸ். ஏனென்றால் அங்கே டிரம்ஸ்காரர் ஃபில் காலின்ஸ் பாடகராகியிருந்தார். இந்த இடத்தில் ஜெனசிஸையும் முடித்துவிடலாம்.

1970, 71-ல் காலின்ஸும் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் ஹாக்கெட்டும் சேர்ந்த பிறகுதான் ஜெனசிஸ் ஜெனசிஸ் ஆனது. 'நர்சரி கிரைம்' (1971), 'ஃபாக்ஸ்ட்ராட்' (1972), 'செல்லிங் இங்லண்ட் பை த பவுண்ட்' (1973), இரட்டை ஆல்பமான 'த லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' (1974). பாடகர் பீட்டர் கேப்ரியல் 1972-ல் டப்ளின் மேடையில் முன்னறிவிப்பில்லாமல் மனைவியின் சிவப்பு கவுனும் நரித்தலை முகமூடியும் போட்டுக்கொண்டு வந்து நின்றார், கூட இருந்தவர்களுக்கே தெரியாது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. வேஷம் கூடக்கூட, பேண்டில் மற்ற நால்வர் இருப்பதே மறந்துபோனது. 'லாம்ப்' ஆல்பத்தை முழுதாக நூறு மேடைக்கு மேல் வாசித்து முடித்துவிட்டு 1975-ல் கேப்ரியல் போனார். இனி இவர்கள் அவ்வளவுதான் என்று எல்லோரும் எழுதினார்கள். பாடகர் தேடி ஆள் மாற்றி ஆள் பார்த்துச் சரிவராமல் காலின்ஸே பாடி, 1976-ல் வந்த 'எ ட்ரிக் ஆஃப் த டெயில்' இங்கிலாந்தில் மூன்றாம் இடம்.

தொடங்க 'செல்லிங் இங்லண்ட்' எடுங்கள். 'ஃபர்த் ஆஃப் ஃபிஃப்த்' பாட்டில் ஹாக்கெட்டின் கிட்டார் வரும் இடம் இருக்கிறதே, வேகமே காட்டாமல் ஒரு ஸ்வரத்தை இழுத்து நிறுத்துவார். புகழில் 'லாம்ப்' பெரியது, ஆனால் இரண்டாவது தட்டு தொய்கிறது, இதைச் சொன்னதற்காக என்னோடு சண்டைக்கு வந்த நண்பர்கள் இருக்கிறார்கள். 1977-ல் ஹாக்கெட் போன பிறகு வந்தது வேறு ஜெனசிஸ், அதை இந்தப் பதிலில் சேர்க்கவில்லை. புரூஃபோர்டை 'செகண்ட்ஸ் அவுட்' நேரலை ஆல்பத்தில் 'சினிமா ஷோ' பாட்டில் கேட்கலாம், காலின்ஸும் அவரும் சேர்ந்து இரண்டு டிரம்ஸ்.

மற்றவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ளாய்ட் உங்களுக்குப் பிடித்திருப்பதால் பின்னோக்கிப் போய் 1971-ன் 'மெடில்', அதில் 'எக்கோஸ்' மட்டும் 23 நிமிடம். முன்னோக்கி 'விஷ் யூ வேர் ஹியர்' (1975), 'அனிமல்ஸ்' (1977). ஜெத்ரோ டல்லில் 'திக் அஸ் எ பிரிக்' (1972), இரண்டு பக்கமும் ஒரே பாட்டு. அதற்கு முந்தைய 'அக்வாலங்'கை எல்லோரும் 'கான்செப்ட் ஆல்பம்', அதாவது முழுக்க ஒரே கருவைச் சுற்றி வரும் ஆல்பம் என்று எழுத, இல்லை இல்லை என்று மறுத்துப் பார்த்த டல்லின் பாடகர் இயன் ஆண்டர்சன், சரி, இதோ வைத்துக்கொள்ளுங்கள் என்று எட்டு வயதுப் பையன் எழுதிய கவிதை என்று புளுகி, உறையையே 12 பக்க ஊர்ப் பத்திரிகையாக அச்சடித்துக் கொடுத்தார். கேலியாகப் போட்டது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எமர்சன், லேக் அண்ட் பாமரில் 'டார்கஸ்' (1971) ஒன்றும் 'பிரெய்ன் சாலட் சர்ஜரி' (1973) ஒன்றும் போதும் என்பது என் கட்சி. எமர்சனின் விரல் வேகத்துக்கு நிகரில்லை, ஆனால் வேகத்தைக் காட்டுவதில்தான் அவருக்கு ஆசை அதிகம்.

கேண்டர்பரி ஊரைச் சுற்றி முளைத்த கூட்டம் ஒன்று உண்டு, கொஞ்சம் ஜாஸ், கொஞ்சம் கிண்டல், ஆர்ப்பாட்டமே இல்லாதது. காரவனின் 'இன் த லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்' (1971), சாஃப்ட் மெஷினின் 'தர்ட்' (1970). சாஃப்ட் மெஷினில் டிரம்ஸ் வாசித்துப் பாடிய ராபர்ட் வயட் 1973-ல் ஒரு விருந்தில் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். ஃப்ளாய்டும் சாஃப்ட் மெஷினும் அவருக்காக நிதிக்கச்சேரி நடத்தினார்கள், அடுத்த வருடம் ஃப்ளாய்டின் நிக் மேசன் தயாரிப்பில் வயட்டின் 'ராக் பாட்டம்' வந்தது. இந்தப் பட்டியலிலேயே மிகவும் மென்மையான ஆல்பம் அது. கேண்டர்பரி கூட்டத்தை விட்டு வெளியே வந்தால், ஜென்டில் ஜயன்ட்டில் 'ஆக்டபஸ்' (1972), பாட்டெல்லாம் சின்னதுதான், ஒவ்வொன்றுக்குள்ளும் பின்னல் வேலை. கேமலில் 'த ஸ்னோ கூஸ்' (1975), வார்த்தையே இல்லாமல் ஒரு முழுக்கதை, வீட்டிலுள்ள எல்லோருக்கும் பிடிக்கும்.

பங்க் என்ற எளிய, முரட்டு ராக் வந்து 1977-ல் இதையெல்லாம் கொன்றது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். பாதிதான் உண்மை. அதே 1977-ல்தான் 'கோயிங் ஃபார் த ஒன்' இங்கிலாந்தில் முதலிடத்தில் இருந்தது, அதிலிருந்து வந்த 'வொண்டரஸ் ஸ்டோரீஸ்' சிங்கிள் ஏழாம் இடம் வரை போனது. பத்திரிகைக்காரர்கள் கட்சி மாறினார்கள், வாங்குபவர்கள் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. உள்ளேயே அரித்ததும் உண்டு: எமர்சன், லேக் அண்ட் பாமர் அந்த வருடம் முழு ஆர்க்கெஸ்ட்ராவையும் அழைத்துக்கொண்டு அமெரிக்கப் பயணம் போய், செலவு தாங்காமல் சில கச்சேரிகளிலேயே ஆர்க்கெஸ்ட்ராவைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. கிரிம்சனோ பங்க் வருமுன்பே மூடிவிட்டது. 1981-ல் அதே பெயரில் ஃப்ரிப்பும் புரூஃபோர்டும் இரண்டு அமெரிக்கர்களோடு 'டிசிப்ளின்' போட்டார்கள், மெல்லோட்ரானே கிடையாது, இரண்டு கிட்டார்கள் கடிகாரப் பற்சக்கரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று சுற்றும். 83-ல் மரிலியன் வந்து பழைய ஜெனசிஸை நினைவுபடுத்தினார்கள், அவர்களுடைய 'மிஸ்ப்ளேஸ்ட் சைல்ட்ஹுட்' 1985-ல் முதலிடம். பிற்பாடு போர்க்குபைன் ட்ரீ. அதன் ஸ்டீவன் வில்சன்தான் 2009 முதல் கிரிம்சன், யெஸ், டல் ஆல்பங்களை மூல டேப்பிலிருந்து மறுகலவை செய்தவர். 'க்ளோஸ் டு த எட்ஜ்' வாங்குவதானால் அவர் செய்ததை வாங்குங்கள், பாஸ் தனியாகக் கேட்கும். 'ரெட்'டுக்கு மட்டும் பழைய கலவையே மேல்; அந்த முரட்டுத்தனம் சுத்தம் செய்தால் போய்விடுகிறது.

கேட்கும் முறை ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு எல்பியின் ஒரு பக்கம், 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். இந்த ஆட்கள் பாட்டை அந்த அளவுக்கு வெட்டித்தான் தைத்திருக்கிறார்கள், பக்கம் முடிந்து எழுந்து போய்த் தட்டைத் திருப்பும் இடைவெளியும் சேர்த்து. போனில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அரை நொடி மௌனம் விழும் செயலியானால் வேறு செயலி பாருங்கள், ஃப்ளாய்டுக்கு அது விஷம்.

வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற பேண்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். 1971-ன் 'பான் ஹார்ட்ஸ்'. கிட்டாருக்குப் பதில் ஆர்கனும், ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஊதும் இரண்டு சாக்ஸபோனும், பாஸைக் காலால் மிதிக்கும் ஆர்கன்காரரும், மேலே பீட்டர் ஹாமிலின் கத்தலும். இங்கிலாந்தில் சீந்துவாரில்லை, இத்தாலியில் முதலிடம். ஒரு பக்கம் முழுக்கக் கலங்கரை விளக்கக் காவல்காரன் ஒருவன் புத்தி பேதலிக்கும் கதை, 23 நிமிடம். மற்ற எல்லாம் பழகிய பிறகு, வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போடுங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டேன், கீழ்வீட்டு அம்மா மேலே வந்து யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.